எழுபத்தைந்து கிராம்

அத்தியாயம் 9

குளியலறைத் தராசுக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம். பொய் சொல்லாது.

வியாழக்கிழமை காலை உச்சிக்காரர் அதன் மேல் ஏறி நின்றார். நூற்றுப்பன்னிரண்டு என்றது. இறங்கினார். கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்தார். நெஞ்சிலிருந்த காற்றை மொத்தமாக வெளியே விட்டுவிட்டு, திருடன் மாதிரி நுனிக்காலில் மறுபடி ஏறினார். நூற்றுப்பன்னிரண்டு.

"என்னங்க சொல்லுது?" கதவுக்கு வெளியிலிருந்து மனைவியின் குரல்.

"யோசிக்குது."

யோசிப்பதற்கு இனி நேரமில்லை. நாளைக் காலை அவருடைய நாற்காலி போகுமா நிற்குமா என்று முடிவாகிவிடும்.

போன வாரங்களைத் தவறவிட்டவர்களுக்காக ஒரு வாய்ச் சேதி. உச்சிக்காரர் டவர் கிரேன் ஓட்டுகிறவர். ஏணி ஏறிப் போய் மேகத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இரும்புத் தூண்களைப் பூச்செண்டு மாதிரி தூக்கி வைப்பவர். சைட்டில் வைத்த பெயர் வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. புதிதாக வந்த பாதுகாப்பு அதிகாரி, கேபினில் இருக்கும் மீட்புக் கயிறு நூற்றுப்பத்து கிலோவுக்கு மேல் தாங்காது என்று கண்டுபிடித்து, உச்சிக்காரரைத் தராசில் ஏற்றினார். நூற்றுப்பதினேழு. மூன்று வாரம் தவணை, இந்த வெள்ளிக்கிழமைக்குள் நூற்றுப்பத்து, இல்லாவிட்டால் இனி நிரந்தரமாகத் தரையில்தான் வேலை என்று சொல்லிவிட்டுப் போனார்.

தரை வேலை என்றால் கொடியும் விசிலும் வைத்துக்கொண்டு மேலே பார்த்துக் கை காட்டுவது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வார். மேலே அந்த நாற்காலியில் உட்காரப்போவது யார் என்பதுதான் நெஞ்சில் முள். பக்கத்து சைட்டில் சின்ன கிரேன் ஓட்டுகிற மச்சினன், அவர் மனைவியின் சொந்தத் தம்பி. மச்சினனை அண்ணாந்து பார்த்துக் கை காட்டிப் பிழைப்பதைவிட, கயிறு அறுந்து விழுந்தாலும் தேவலை என்பது அவர் கட்சி.

ஆகவே இந்த வீட்டில் வெண்ணெய் நின்றது, சர்க்கரை நின்றது, பொரித்தது எல்லாம் நின்றது. ஒன்றே ஒன்றுக்கு மட்டும் உச்சிக்காரர் கண்ணில் நீர் மல்க மன்றாடினார். சாயந்தரம் வேலை முடிந்து வந்ததும் ஒரு தட்டு பாஸ்தா. அதை நிறுத்தினால் தான் மனுஷனே இல்லை என்றார்.

மனைவி சம்மதித்தாள். ஆனால் அளவு அவள் கையால்.

அவள் பார்சல் அலுவலகத்தில் கவுண்டரில் உட்காருகிறவள். எடை போடுவது அவளுக்கு மூச்சு விடுவது மாதிரி. அன்று காலையும் அடுக்களை மேடையில் டிஜிட்டல் தராசை வைத்து, அதன் மேல் காலி டப்பாவை வைத்து, பொத்தானை அமுக்கிப் பூஜ்யமாக்கினாள். குழல் குழலாக இருக்கும் அந்தப் பாஸ்தாவைப் பாக்கெட்டிலிருந்து சரித்தாள். அறுபத்தெட்டு. நாலைந்து குழல் போட்டாள். எழுபத்தாறு. ஒன்றை எடுத்தாள். எழுபத்துநாலு.

சும்மா விடுவாளா? எடுத்த குழலைப் பல்லால் பாதியாகக் கடித்து, ஒரு துண்டை உள்ளே போட்டாள். எழுபத்தைந்து. மீதித் துண்டை மென்றுகொண்டே மூடியைப் போட்டு, அலுவலகத்திலிருந்து கொண்டுவந்த ஸ்டிக்கரில் 75 என்று எழுதி ஒட்டினாள். கைப்பேசியில் இருந்த கலோரிக் கணக்கிலும் பதிந்தாள். வேகாத பாஸ்தா, எழுபத்தைந்து கிராம், இருநூற்று அறுபத்தைந்து கலோரி.

கணக்கில் ஒரு குறையும் இல்லை. முதல் வாரம் மளமளவென்று இறங்கிய எடை, அதற்கப்புறம் மட்டும் ஆணி அடித்தாற்போல் ஏன் நின்றது?

அந்தக் கேள்வியை மென்றபடியே அவள் வேலைக்குக் கிளம்பினாள். பதில் அவளுக்கு முன்னாலேயே கவுண்டருக்கு வந்து வரிசையில் நின்றுகொண்டிருந்தது.

பேக்கரிக்காரர். கிரேன் சைட்டின் பின்சுவரும் அவர் பேக்கரியின் பின்சுவரும் ஒன்று. பழுதான மாவு பிசையும் மோட்டாரை ரிப்பேருக்கு அனுப்ப வந்திருந்தார். அவள் பெட்டியைத் தராசில் வைத்தாள், எடையைச் சொன்னாள், ஸ்டிக்கர் அடித்தாள். பேக்கரிக்காரர் ரசீதை மடித்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, நேத்து வெண்ணெய் பன் தீர்ந்துபோச்சு, ஜாம் பன்னா அனுப்பிட்டேன். அண்ணன் ஒண்ணும் கோவிச்சுக்கலையே?"

"எந்த அண்ணன்?"

பேக்கரிக்காரர் ஆள்காட்டி விரலால் வானத்தைக் காட்டினார். ஒரு கணம் அவர் கடவுளைப் பற்றிப் பேசுகிறாரோ என்று அவள் நினைத்தாள். அப்புறம் வானத்தில் வேறு யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது ஞாபகம் வந்தது.

முழுக் கதையும் தானாகவே கொட்டியது. தினமும் காலையில் கேபினிலிருந்து மெல்லிய கயிற்றில் ஒரு துணிப்பை சுவருக்கு இந்தப் பக்கம் இறங்குமாம். நாலு பன் வைத்து ரெண்டு தடவை இழுத்தால் பை மேலே போய்விடுமாம். கீழே இருக்கிறவர்கள் தண்ணீர் பாட்டில் என்று நினைத்துக்கொள்வார்களாம். பன் மேலே போகிற அழகைப் பார்க்கவே தான் காலையில் வெளியே வந்து நிற்பதாகப் பேக்கரிக்காரர் பெருமையாகச் சொன்னார்.

அடுத்து வந்தவரின் பார்சலில் அவள் குத்திய முத்திரை, உள்ளே இருந்த பொருளிலும் பதிந்திருக்கும்.

மத்தியானத்துக்கு மேல் அனுமதி கேட்டு வீட்டுக்கு நடந்தாள். வழியெல்லாம் வசனம் தயாரானது. முதலில் ஒரு நீளமான வசனம். அது அவருக்குப் பாதியில் கொட்டாவி வரவழைக்கும். பிறகு அழுகையோடு ஒரு வசனம். அழுதால் அவர் உடனே சமாதானத்துக்கு வந்துவிடுவார், அப்படி லேசில் விடக்கூடாது. கடைசியில் ஒற்றை வார்த்தை போதும் என்று முடிவு செய்தாள். 'பன்.' அவ்வளவுதான். அவர் முகத்தைப் பார்த்து அதை மட்டும் சொல்லிவிட்டு நிற்க வேண்டும்.

வீட்டில் நாத்தனார் அடுக்களையில் இருந்தார். உச்சிக்காரருக்கு அக்கா. மாடி அறையில் இருக்கிறவர். மருந்துக்கடையில் காலை ஷிப்ட்டு முடித்து வந்து, தம்பிக்குச் சாயந்தரச் சாப்பாடு செய்து கொடுப்பது அவர் பொறுப்பு. மனைவி வழக்கமாக வீடு திரும்பும்போது தட்டுகள் கழுவிக் கவிழ்த்திருக்கும்.

இவ்வளவு சீக்கிரம் எப்படி என்று நாத்தனார் கேட்டார். தலைவலி என்றாள். உடனே அது நெற்றியிலா பின்மண்டையிலா, சாப்பிடுவதற்கு முன்னாலா பின்னாலா, வேறு ஏதாவது மாத்திரை எடுக்கிறாயா என்று மூன்று கேள்விகள் வரிசையாக வந்தன. எல்லாவற்றுக்கும் இல்லை என்று சொல்லிவிட்டு, அவள் அடுக்களை நாற்காலியில் வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள். முதுகுக்குப் பின்னால் தண்ணீர் கொதித்தது. டப்பா திறக்கும் சத்தம். பாஸ்தா தண்ணீரில் விழும் சத்தம்.

வாசலில் பூட்ஸ் கழற்றும் சத்தம் கேட்டது.

உச்சிக்காரர் உள்ளே வந்தார். மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். கிரேன் ஓட்டுகிறவருக்குக் காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று தெரியாமல் போகுமா? திரும்பி மறுபடி பூட்ஸை மாட்டலாமா என்று ஒரு யோசனை அவர் கால்களில் ஓடியது.

"பன்" என்றாள்.

அவர் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் அவளுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, மேஜை விரிப்பின் நூலைப் பிய்த்தார்.

"நாலு" என்றார். "சில நாள் அஞ்சு."

அதற்குமேல் ஒற்றை வார்த்தைத் திட்டம் நிற்கவில்லை. தயாரித்த மூன்று வசனங்களும் ஒன்றாகக் கலந்து வந்தன. ஒவ்வொரு குழலாக எண்ணிப் பல்லால் கடித்து எடை போட்டதெல்லாம் யாருக்காக என்று கேட்டாள். இருநூற்று அறுபத்தைந்து கலோரியை இங்கே பொத்திப் பொத்திக் காப்பாற்றினால், அங்கே ஆயிரம் கலோரி கயிறு கட்டி ஏறுகிறதே, இது எந்த ஊர் நியாயம் என்று கேட்டாள். தன் தம்பிக்கு நாற்காலியைத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுக்க ஆசையா என்றும் கேட்டாள். அதில்தான் அவர் நிமிர்ந்தார்.

"முதல் வாரம் தாங்கினேன்" என்றார். "அப்புறம் ஒரு நாள் காலையில தூணைத் தூக்கிட்டு இருக்கேன், கொக்கி ரெண்டா தெரிஞ்சுது. கீழ ஆளுங்க நிக்கறாங்க. எந்தக் கொக்கி நெசம்னே தெரியல. அன்னிக்குத்தான் பையை இறக்கினேன்."

வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்ட பன்னாக இருந்தால் இன்னும் பத்து நிமிஷம் பேசியிருப்பாள். இது வேறு.

"ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்ல? நீ அவ்வளவு பாடுபட்டு அளக்கற. ஆனா நீ வெக்கற எழுபத்தஞ்சு கிராம் யானைப் பசிக்குச் சோளப்பொரி. தட்டுல நடுவுல இத்துணூண்டு கிடக்கும். முள்கரண்டியில நாலு தடவை குத்தினா தட்டு தெரியும்."

"நாலு தடவையா? ஏங்க, வாய்க்கு வந்தபடி சொல்லாதீங்க. ஒரு முழுத் தட்டு வரும். நானும் அதே அளவுதான் சாப்…"

பின்னால் தராசு 'பீப்' என்றது.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

நாத்தனார் வெந்த பாஸ்தாவை வடிதட்டில் வடித்திருந்தார். தராசின் மேல் தம்பியின் தட்டு. பூஜ்யமாக்கியாகிவிட்டது. இடுக்கியால் ஒவ்வொரு குழலாக எடுத்து, ஆவி பறக்க, மூச்சைப் பிடித்துக்கொண்டு தட்டில் வைத்துக்கொண்டிருந்தார். எழுபது. எழுபத்துமூன்று. எழுபத்தேழு. கடைசியாக வைத்ததைக் கத்தியால் பாதியாக நறுக்கி, ஒரு பாதியைத் திரும்ப எடுத்தார். எழுபத்தைந்து.

முகத்தில் திருப்தி பரவியது. வடிதட்டில் இன்னும் பாதிக்கு மேல் ஒரு குன்று மீதி இருந்தது. அதை இயல்பாகத் தன் கிண்ணத்தில் கவிழ்த்துக்கொண்டார்.

"அண்ணி" என்றாள் அவள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "என்ன பண்றீங்க?"

"ஏன், தினமும் பண்றதைத்தான். மூடியில எழுபத்தஞ்சுன்னு ஒட்டியிருக்கியே."

"அது டப்பாக்குள்ள வெச்சதோட எடை. வேகறதுக்கு முன்னாடி. வெந்தா தண்ணி குடிச்சு நூத்தி எண்பது வரும். அந்த நூத்தி எண்பதும் அவருக்குத்தான்."

நாத்தனார் இடுக்கியைக் கீழே வைத்தார். தோற்றுப்போகிற பழக்கம் அவருக்கு இல்லை.

"எங்க கடையில லேபிள்ல என்ன போட்டிருக்கோ, அதுதான் நோயாளி வாய்க்குள்ள போகணும். ஒரு சொட்டு கூடக்கூடாது, குறையக்கூடாது. முப்பது வருஷமா அதான் செய்யறேன்."

"எங்க ஆபீஸ்ல ஸ்டிக்கர்ல இருக்கறது பெட்டியை வாங்கினப்ப இருந்த எடை. அப்புறம் மழையில நனைஞ்சு கனத்தா அது எங்க கணக்கில்ல."

"அப்போ 'வேகாதது'ன்னு எழுதியிருக்கணும் நீ."

"டப்பாவைத் திறந்தா வேகாமதானே இருக்கு, அண்ணி!"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உச்சிக்காரர் பக்கம் திரும்பினார்கள். தினமும் கண்ணெதிரே தன் பங்கு அக்கா கிண்ணத்துக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு இந்த மனுஷன் எப்படி வாயைத் திறக்காமல் இருந்தார்?

"எனக்கு மேலயிருந்து கேள்வி கேக்கற பழக்கமில்ல" என்றார் அவர். "கீழ கட்டிக் கொடுக்கறதைத் தூக்குவேன். கட்டினவங்க எடை பார்த்திருப்பாங்கன்னு நம்பிக்கை."

மூன்று பேரும் அவரவர் வேலையைப் பழுதில்லாமல் செய்திருந்தார்கள். அதனால்தான் இவ்வளவு பெரிய பழுது.

மனைவி கைப்பேசியை எடுத்துக் கணக்குப் போட்டாள். வெந்த எழுபத்தைந்து என்றால் வேகாததில் முப்பது கிராம் சொச்சம். நூற்றுப் பத்து கலோரியில் ஆறடி ஆளை ராத்திரி தூங்க அனுப்பியிருக்கிறார்கள். பாஸ்தாவில் நூற்றைம்பது மிச்சம் பிடித்து, பன்னில் ஆயிரத்தைச் செலவழித்திருக்கிறார்கள். அந்த நூற்றைம்பது எங்கே போனது என்பதைத்தான் நாத்தனார் அப்போது தன் இடுப்பைத் தடவிப் பார்த்துக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்.

"என் வெள்ளைக் கோட்டு" என்றார் மெதுவாக. "சலவைக்காரன் சுருக்கிட்டான்னு போன வாரம் போய்ச் சண்டை போட்டேன்."

உச்சிக்காரர் சிரித்துவிட்டார். மூன்று வாரத்தில் முதல் சிரிப்பு. மனைவிக்கும் தொற்றிக்கொண்டது. நாத்தனார் மட்டும் சிரிக்கவில்லை. மாடிக்குப் போனார். திரும்பி வந்து மேஜை மேல் ஒரு மாத்திரைப் பட்டையை வைத்தார்.

"என்னாலதான் வந்தது, நானே சரி பண்றேன்" என்றார். "இது உடம்புல தேங்கற தண்ணியை வெளியேத்தும். இப்ப ஒண்ணு, விடியக்காலையில ஒண்ணு. ரெண்டு கிலோ இறங்கிடும். நாளைக்கு ஒரு நாள் தராசைத் தாண்டிட்டா போதும்டா தம்பி."

சிரிப்பு நின்றது. பட்டை வெளிச்சத்தில் மினுங்கியது. அதை எடுத்துத் திரும்பக் கொடுத்துவிட அவள் கை பாதி தூரம் நீண்டது. கணவரின் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றது. அவர் அந்தப் பட்டையைப் பார்க்கவில்லை. அதற்கு அப்பால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலி. கண்ணாடிச் சுவர். காலுக்குக் கீழே முழு ஊர்.

"இதைப் போட்டா தலை சுத்துமா அக்கா?"

நாத்தனாருக்குத் தம்பியிடம் பொய் சொல்ல வரும். மருந்தைப் பற்றிப் பொய் சொல்ல வராது.

"சுத்தலாம்" என்றார்.

"தராசுல ஜெயிச்சுட்டு ஏணியில ஏறணும். ஏறிட்டு நாலு டன்னை ஆளுங்க தலைக்கு மேல ஆட்டணும்." பட்டையை ஒற்றை விரலால் அக்கா பக்கம் தள்ளினார். "பன்னே தேவலை."

பிறகு அவர் செய்ததை மனைவி எதிர்பார்க்கவில்லை. கைப்பேசியை எடுத்துப் பாதுகாப்பு அதிகாரியைக் கூப்பிட்டார். இரண்டு கிலோ கூடுதலாக இருக்கிறது, நாளை தராசு வேண்டாம், நானே ஒரு வாரம் கீழே இறங்கிக்கொள்கிறேன், அடுத்த வெள்ளி பாருங்கள் என்று ஒரே மூச்சில் சொன்னார். சொல்லும்போது குரல் ஒரே ஒரு இடத்தில் இடறியது. 'கீழே' என்ற இடத்தில்.

அந்தப் பக்கம் அதிகாரி யோசித்தார். இத்தனை வருஷத்தில் தானாக இறங்குகிறேன் என்று சொன்ன முதல் ஆள் நீங்கள்தான் என்றார். சரி என்றார். அந்த ஒரு வாரத்துக்கு மச்சினன் வந்து ஓட்டட்டும், காலையில் சைட்டுக்கு வரச் சொல்லிவிடுங்கள் என்று முடித்தார். வைக்கப்போகிறவர், இன்னொன்றும் சேர்த்துச் சொன்னார்.

நாத்தனார் தன் கிண்ணத்திலிருந்த பாஸ்தாவைத் தம்பியின் தட்டில் கவிழ்த்தார். தராசு நூற்று எண்பத்திரண்டு காட்டியது. உச்சிக்காரர் முதல் வாயைக் கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.

தம்பிக்குப் போன் போடுகிற வேலை மனைவியுடையது. கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தாள். சேதியைக் கேட்டதும் மச்சினனின் சந்தோஷம் போனை ஒரு அங்குலம் நகர்த்தியது.

"மாமாகிட்ட கவலைப்படாம இருக்கச் சொல்லு அக்கா. நாற்காலியைச் சூடு ஆறாம பார்த்துக்கறேன். மேல அந்தப் பழைய குஷன் எதுக்கு, நான் புதுசு எடுத்துட்டு வரேன். ஒரு வாரம் என்ன, ஒரு வருஷம் வேணாலும் உட்காருவேன்."

உச்சிக்காரர் தட்டையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். காது மட்டும் சிவந்தது.

"காலையில வெறும் வயித்துல வா" என்றாள் அவள்.

"எதுக்கு?"

"யாரா இருந்தாலும் தராசுல ஏறின பிறகுதான் ஏணியில ஏறணுமாம். நூத்திப்பத்துக்குள்ள இருக்கணுமாம். அதிகாரி இப்பத்தான் சொன்னார்."

போனில் சத்தமே இல்லை. இணைப்பு போய்விட்டதோ என்று அவள் குனிந்து பார்த்தாள். போகவில்லை. மச்சினன் மூச்சு விடுவது கேட்டது. உச்சிக்காரரின் முள்கரண்டி பாதி வழியில் நின்றது.

"அக்கா" என்றான் மச்சினன், ரொம்பப் பணிவாக. "அந்தப் பாஸ்தா எழுபத்தஞ்சு கிராம்னு சொல்வியே, அது வேகறதுக்கு முன்னாடியா, வெந்ததுக்கு அப்புறமா?"